தட்டச்சில் ஏறிய ஒரு சொல்

வானிலை அலுவலகத்தில் வேலை பார்த்த யாருக்கும் அப்படி ஒரு நாள் வாய்த்திருக்கும். காலையில் ‘மழைக்கு வாய்ப்பில்லை’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு, மாலையில் முழங்கால் தண்ணீரில் வீடு திரும்பும் நாள். அன்று தெருவில் எதிர்ப்படுகிறவர்களின் முகத்தைப் பார்க்க மனம் வராது. அமெரிக்க விமானப்படையின் கேப்டன் ராபர்ட் மில்லருக்கு 1948 மார்ச் 20 இரவு வாய்த்ததும் அந்த வகை நாள்தான். ஆனால் அவர் தவறவிட்ட காற்று செய்த சேதம் ஒரு கோடி டாலர்.

ஓக்லஹோமா நகரத்தை ஒட்டி இருக்கிறது டிங்கர் விமானப்படைத் தளம். ராணுவ விமானங்களைப் பழுது பார்த்து அனுப்பும் பெரிய பணிமனை அது. மில்லர் அங்கே வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. கலிபோர்னியாக்காரர், அந்தச் சமவெளியில் வசந்தகாலம் எப்படிச் சீறும் என்பது அவருக்குப் பழக்கமில்லை. அன்று இரவுப் பணி அவருடையது. வாஷிங்டனிலிருந்து வந்த வரைபடங்களில் பயப்பட ஒன்றும் தெரியவில்லை. காற்று மணிக்கு 35 மைல் வரை வீசலாம், இடிமழை இருக்காது என்று அறிவிப்புப் போனது. சற்று நேரத்தில் தென்மேற்கே மின்னல் வெட்டத் தொடங்கியது. பத்து மணி வாக்கில், ஏழு மைல் தள்ளியிருந்த வில் ராஜர்ஸ் விமான நிலையத்திலிருந்து டெலிபிரிண்டரில் செய்தி வந்து விழுந்தது: காற்றின் வேகம் 92 மைல், தெற்கே டொர்னேடோ, வடகிழக்காக நகர்கிறது. வில் ராஜர்ஸுக்கு வடகிழக்கில்தான் டிங்கர்.

10.22-க்கு அது தளத்துக்குள் நுழைந்தது. விமானங்களைக் கட்டிவைக்கக்கூட நேரமில்லை. மின்னல் வெளிச்சத்தில் அந்தச் சுழல் தூண் நெருங்கி வருவதை அலுவலகத்தில் இருந்தவர்கள் நின்று பார்த்தார்கள். வேறென்ன செய்ய முடியும்? கண்ட்ரோல் டவரின் கண்ணாடிகள் நொறுங்கி, உள்ளே இருந்தவர்கள் காயப்பட்டார்கள். திறந்தவெளியில் நின்ற விமானங்கள் புரட்டி எறியப்பட்டன. சில நிமிடங்கள்தான், எல்லாம் முடிந்துவிட்டது.

டொர்னேடோவை நம்முடைய புயலோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. வங்கக் கடல் புயலுக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலம், நாள் கணக்கில் ஆயுள். அது கடலில் இருக்கும்போதே பார்த்துவிடலாம். கடலூரிலும் நாகையிலும் துறைமுகத்தில் கூண்டு ஏற்றிவிடலாம். டொர்னேடோ ஒரே ஒரு இடிமேகத்தின் வயிற்றிலிருந்து தரையைத் தொடும் சுழல். அகலம் பெரும்பாலும் சில நூறு மீட்டருக்குள். ஆயுள் பல சமயம் பத்து நிமிடம்கூட இல்லை. கண்ணில் பட்ட பிறகு கூண்டு ஏற்றி என்ன பயன்? சொல்வதானால் அது பிறப்பதற்கு முன்னாலேயே சொல்ல வேண்டும். அப்படிச் சொல்ல முடியாது என்பதுதான் 1948-இல் துறையில் இருந்தவர்களின் ஒருமித்த கருத்து.

மறுநாளே வாஷிங்டனிலிருந்து உயர் அதிகாரிகள் விசாரணைக்கு வந்தார்கள். மில்லரும், தள வானிலை நிலையத்தின் தலைவர் மேஜர் எர்னஸ்ட் ஃபாபுஷும் சாட்சி சொன்னார்கள். இன்றுள்ள அறிவைக் கொண்டு இதை முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது, இது இறைவன் செயல் என்று விசாரணை முடிந்தது. இருவர் மேலும் பழி இல்லை. பல அலுவலகங்களில் கோப்பு அந்த இடத்தில் மூடப்பட்டுவிடும். டிங்கரில் மூடப்படவில்லை. அங்கே தலைமைப் பொறுப்பில் இருந்த ஜெனரல் ஃபிரெட் போரம், இதை முன்கணிக்க வழி உண்டா என்று பார்க்கும்படி அந்த இருவரிடமே வேலையை ஒப்படைத்தார். தவறவிட்டவர்களையே தேடச் சொன்ன அந்த முடிவிலிருந்துதான் நான் எழுத வந்த நிறுவனமான அமெரிக்கப் புயல் முன்கணிப்பு மையத்தின் வரலாறு தொடங்குகிறது.

அதைத் தொடர்வதற்கு முன் அறுபது ஆண்டு பின்னால் போய் இன்னொரு ராணுவ வானிலையாளரைப் பார்த்தாக வேண்டும். ஜான் பார்க் ஃபின்லி. அப்போது அமெரிக்காவின் வானிலைப் பணி முழுவதும் ராணுவத்தின் சிக்னல் படைப் பிரிவிடம் இருந்தது. ஃபின்லி 600 டொர்னேடோக்களின் விவரங்களைத் திரட்டி 1882-இல் ஓர் அறிக்கை தந்தவர். ஊர் ஊராகத் தன்னார்வ நோக்காளர்களைச் சேர்த்தார். 1884-இல் ஒரு சோதனையில் இறங்கினார்: நாட்டைப் பகுதிகளாகப் பிரித்து, இந்தப் பகுதியில் இன்று டொர்னேடோ வரும், வராது என்று தனித்தனியாக எழுதி வைத்தார். மொத்தம் 2,803 முன்கணிப்புகள். அவற்றில் 96.6 சதவீதம் சரி என்று வெளியிட்டார்.

நிலவியலாளர் கில்பெர்ட் அந்தக் கணக்கை எடுத்துப் பார்த்தார். 2,803-இல் டொர்னேடோ வந்தது 51 முறைதான். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு நாளும் ‘வராது’ என்றே எழுதியிருந்தால்கூட 98.2 சதவீதம் சரியாகியிருக்கும்! புள்ளியியல் பாடநூல்களில் இன்றும் ஃபின்லியின் அட்டவணை வருவது இதனால்தான். அபூர்வமாக நடக்கும் ஒன்றை முன்கணிப்பவருக்கு எப்படி மதிப்பெண் போடுவது என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் இல்லை. கில்பெர்ட்டின் கணக்கு சரி. ஆனால் அதே அட்டவணையை நான் வேறு விதமாகவும் படிக்கிறேன். வரும் என்று ஃபின்லி எழுதியது நூறு முறை. அதில் 28 முறை வந்தது. பலூன் இல்லை, ரேடார் இல்லை. தரைமட்டத் தந்திச் செய்திகள் மட்டும் கையில். ‘வராது’ என்று 98.2 வாங்கும் மனிதரால் அந்த 28-இல் ஒன்றைக்கூடச் சொல்லியிருக்க முடியாது.

அந்தப் பாதை அடைக்கப்பட்டது. 1887 வாக்கில், டொர்னேடோ என்ற சொல்லைப் பொது அறிவிப்புகளில் பயன்படுத்தக் கூடாது என்று ஆனது. டொர்னேடோவால் வரும் சேதத்தைவிட அந்தச் சொல்லைக் கேட்டு மக்கள் பதறுவதால் வரும் சேதம் அதிகம் என்பது வாதம். வானிலைப் பணி 1891-இல் ராணுவத்திடமிருந்து குடிமைத் துறைக்கு மாறியது. தடை மட்டும் கூடவே போனது. கடும் இடிமழை என்றார்கள், சேதம் விளைவிக்கும் காற்று என்றார்கள். 1925 மார்ச் 18-இல் மிசௌரி, இல்லினாய், இண்டியானா மாநிலங்களை உழுதுகொண்டு போன டொர்னேடோவில் 695 பேர் இறந்தார்கள். 1947 ஏப்ரல் 9-இல், டிங்கர் இருக்கும் அதே ஓக்லஹோமாவில், உட்வர்டு என்ற ஊரில் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். தடை இல்லாதிருந்தால் இவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. அன்று அதற்கான அறிவு முழுதாக இல்லை. ஆனால் உச்சரிக்கவே கூடாத ஒன்றை எந்த அலுவலர் தன் நேரத்தைச் செலவழித்து ஆராய்வார்? அறுபது ஆண்டுகள் அப்படிப் போயின.

ஃபாபுஷும் மில்லரும் மூன்று நாள் பழைய வரைபடங்களோடு உட்கார்ந்தார்கள். முன்பு டொர்னேடோ வந்த நாட்களின் தரைமட்ட வரைபடங்களையும், பலூன் கொண்டுவந்த மேல்மட்ட அளவுகளையும் எடுத்து, எல்லா நாட்களிலும் பொதுவாக என்ன இருந்தது என்று பார்த்தார்கள். முன்னே சிலர் இதைத் தொட்டிருந்தார்கள். வானிலைத் துறையைச் சேர்ந்த ஷோவால்டரும் ஃபுல்க்ஸும் 1943-இல் எழுதிய அறிக்கை அவற்றில் ஒன்று. இவர்கள் அதையெல்லாம் சேர்த்து, ஒரு பணிநாளில், பணி மேசையில் வைத்துச் செய்யக்கூடிய முறையாக மாற்றினார்கள்.

அந்த வேலை எப்படிப்பட்டது என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். வரைபடத்தில் எண் குறிக்கும் பணியில்தான் நான் இந்தத் துறைக்குள் வந்தேன். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு சின்ன வட்டம். வட்டத்தின் இடப்பக்கம் மேலே வெப்பநிலை, கீழே காற்றின் ஈரத்தைக் காட்டும் பனிநிலை, வலப்பக்கம் அழுத்தம், காற்றுக்கு ஒரு கொம்பு, அதில் வேகத்துக்கு இறகுகள். ஒரு கட்டைவிரல் அகலத்துக்குள் இவ்வளவும் எழுத வேண்டும். ஒருநாள் ஓர் ஊரின் பனிநிலையைப் பத்து டிகிரி குறைத்து எழுதிவிட்டேன். மூத்தவர் ஈரக் காற்றின் எல்லையை வரைந்துகொண்டே வந்தவர், அந்த ஊருக்கு வந்ததும் பென்சிலை நிறுத்தினார். “தம்பி, சுத்தியும் ஈரமா இருக்கு, இந்த ஒரு ஊரு மட்டும் எப்படிப்பா காஞ்சு கிடக்கு?” என்றார். டெலிபிரிண்டர் சுருளை எடுத்துப் பார்த்தேன். 23-ஐ 13 என்று எழுதியிருந்தேன். அவர் கண்டுபிடிக்காமல் அந்தக் கோட்டை வளைத்திருந்தால் அன்றைய அறிவிப்பே வேறாகியிருக்கும். மார்ச் 20 இரவு டிங்கருக்கு வந்த வரைபடங்களில் கோட்டைவிட்ட விஷயமும் ஈரம்தான் என்று படித்தபோது அந்த 13 எனக்கு நினைவுக்கு வந்தது.

அவர்கள் கண்டது இதுதான். மெக்சிகோ வளைகுடாவிலிருந்து வெதுவெதுப்பான ஈரக் காற்று தாழ்வாக வடக்கே ஏறி வருகிறது. வரைபடத்தில் அது நாக்கு நீட்டியதுபோல இருக்கும். அதன் தலைக்கு மேல், மேற்கே பாலைநிலங்களிலிருந்து உலர்ந்த காற்று வந்து மூடுகிறது. சோற்றுப் பானையின் மேல் மூடி போட்ட மாதிரி. பகல் முழுவதும் வெயில் அடிக்க, மூடிக்குக் கீழே வெப்பமும் ஈரமும் அடைபட்டுக் கிடக்கின்றன. மூடி இல்லாவிட்டால் காலையிலேயே அங்கங்கே சின்னச் சின்ன மழையாகப் பெய்து சக்தி தீர்ந்துபோகும். மூடி இருப்பதால் எல்லாம் சேர்கிறது. இன்னும் மேலே, பத்தாயிரம் அடிக்கும் இருபதாயிரம் அடிக்கும் இடையில், மணிக்கு 35 கடல் மைலுக்குக் குறையாத வேகத்தில் ஒரு காற்றோடை ஓட வேண்டும். அது ஈர நாக்கைக் குறுக்கே வெட்டிப் போக வேண்டும். கீழிருந்து எதுவோ ஒன்று அந்த ஈரக் காற்றை நெம்பித் தூக்கவும் வேண்டும். குளிர்ந்த காற்றின் முனையாக இருக்கலாம், ஏற்கெனவே திரண்ட இடிமேக வரிசையாக இருக்கலாம். தூக்கிவிட்டால் மூடி பிய்த்துக்கொள்ளும். அடியில் ஒரு திசையும் உயரத்தில் வேறு திசையுமாக வீசும் காற்று, எழும் மேகத்தையே சுழற்றிவிடும்.

இவற்றில் எதுவும் தனியாகப் புதியதில்லை. ஆறு நிபந்தனைகளாக எழுதி, ஆறும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் கூடுகின்றனவா என்று கேட்டதுதான் புதியது. கூடும் இடத்தை வரைபடத்தில் கோடிட்டுக் காட்ட முடிந்தது. ஒரு மாநிலத்தையே சுட்டிக்காட்டி ‘எங்கேயோ வரலாம்’ என்பதற்கும், இந்தச் சில மாவட்டங்கள், இந்தச் சில மணி நேரம் என்பதற்கும் உள்ள தொலைவை அவர்கள் மூன்று நாளில் கடந்தார்கள்.

மார்ச் 25 காலை அன்றைய வரைபடத்தை விரித்தபோது இருவரும் திடுக்கிட்டார்கள். ஐந்து நாளுக்கு முந்தைய வரைபடத்தை மறுபடி அச்சடித்தாற்போல இருந்தது. ஈர நாக்கு, உலர் காற்று, மேலே காற்றோடை எல்லாம் பிற்பகலில் மத்திய ஓக்லஹோமாவுக்கு மேல் ஒன்றுகூடும்போலத் தெரிந்தது. போரமுக்குச் சொன்னார்கள். அவர் நேரில் வந்து பார்த்தார். மாலை ஐந்து முதல் ஆறு மணிக்குள் பலத்த இடிமழை என்று முதலில் ஓர் அறிவிப்புப் போனது. அதற்கு மேல் போக இருவருக்கும் தயக்கம். பிற்பகலில் மேற்கே இடிமேக வரிசை ஒன்று திரண்டுவிட்டது தெரிந்தது. ஜெனரல் மறுபடி வந்தார். டொர்னேடோ என்றே அறிவிக்கப்போகிறீர்களா என்று கேட்டார்.

ஒரே இடத்தை ஐந்து நாளில் இரண்டு முறை டொர்னேடோ தாக்கும் வாய்ப்பு இரண்டு கோடியில் ஒன்றுக்கும் குறைவு. நாட்டில் அறுபது ஆண்டுகளாக அந்தச் சொல்லை யாரும் அறிவிப்பாக எழுதியதில்லை. எழுதி வராமல் போனால் சிரிப்பார்கள். எழுதாமல் வந்தால், ஏற்கெனவே ஒருமுறை மன்னிக்கப்பட்டவர்கள். போன தடவை இருந்த மாதிரியேதான் இருக்கிறது என்று தயங்கித் தயங்கிச் சொன்னார்கள். ஜெனரல் விடவில்லை. அப்படியானால் எழுதுங்கள் என்ற நிலைக்கு அவர்களைக் கொண்டுவந்தார். ஃபாபுஷ் வாசகத்தைச் சொல்ல, மில்லர் தட்டச்சு செய்தார். பிற்பகல் 2.50-க்கு அந்தத் தாள் தளத்தின் செயல்பாட்டுப் பிரிவுக்குப் போனது.

உடனே வேலை நடந்தது. விமானங்கள் ஹேங்கர்களுக்குள் தள்ளப்பட்டன. வெளியில் கிடந்த பொருட்களைக் கட்டிப் பத்திரப்படுத்தினார்கள். ஆட்களைப் பாதுகாப்பான இடங்களுக்கு மாற்றினார்கள். வரவேண்டிய விமானங்கள் திருப்பி விடப்பட்டன. கண்ட்ரோல் டவர் காலியானது. இதற்கெல்லாம் முன்னேற்பாடாக ஒரு திட்டம் அந்த ஐந்து நாளுக்குள்ளேயே தயாராகியிருந்தது. முன்கணிப்பு சரியாக இருந்தால் மட்டும் போதாது, அதைக் கையில் வாங்குகிறவர் என்ன செய்ய வேண்டும் என்பதும் முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பதை போரம் அறிந்திருந்தார். வானிலை வரலாறுகளில் அவருக்கு ஒரு வரி தருவார்கள். எனக்கு அது போதாது என்றே படுகிறது.

ஐந்து மணிக்கு இடிமேக வரிசை வில் ராஜர்ஸ் நிலையத்தைக் கடந்தது. அங்கிருந்து வந்த செய்தி: லேசான இடிமழை, காற்று 26 மைல், பட்டாணி அளவு ஆலங்கட்டி. அவ்வளவுதான். மில்லரின் மனம் விட்டுப்போனது. பொறுப்பை ஃபாபுஷிடம் விட்டுவிட்டு வீட்டுக்குப் போனார். ராணுவ வேலை போனால் வெளியில் என்ன செய்து பிழைப்பது என்று யோசித்துக்கொண்டே போனதாகப் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். வீட்டில் இருந்தபோது வானொலி நிகழ்ச்சியை நிறுத்தி அவசரச் செய்தி சொன்னது: டிங்கர் தளத்தில் டொர்னேடோ. போன வாரத்துச் செய்தியைத்தான் மறுபடி சொல்கிறார்கள் என்று முதலில் நினைத்தார். தளத்துக்குத் தொலைபேசி செய்தார். இணைப்பு அறுந்து கிடந்தது. அப்போதுதான் விளங்கியது. காரை எடுத்துக்கொண்டு விரைந்தார்.

ஆறு மணி வாக்கில், தளத்துக்குத் தென்மேற்கே இரண்டு இடிமேகங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து, அங்கிருந்து சுழல் இறங்கியிருந்தது. அது தளத்தின் ஊடாகவே போனது. சேதம் 60 லட்சம் டாலர். உயிர்ச்சேதம் இல்லை.

இந்த இடத்தில் என் மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். அந்த முன்கணிப்பு பலித்தது பேரதிர்ஷ்டம். ஒரு விமானத் தளத்தின் எல்லைக்குள் டொர்னேடோ வரும் என்று சொல்லும் ஆற்றல் இன்றைக்கும் யாருக்கும் மூன்று மணி நேரம் முன்னதாகக் கிடையாது. சுழல் இரண்டு மைல் விலகிப் போயிருந்தால்கூட ஃபாபுஷும் மில்லரும் போட்ட கணக்கு சரியான கணக்குதான். வயலுக்குள் இறங்கிக் கலைந்திருந்தாலும் சரிதான். ஆனால் அதை யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். அடுத்த முறை அந்தச் சொல்லைத் தட்டச்சு செய்ய அவர்களை விட்டிருக்கவும் மாட்டார்கள். எத்தனையோ ஊர்களில், எத்தனையோ துறைகளில், சரியான கணக்கைப் போட்டுவிட்டு அதிர்ஷ்டம் கூட வராததால் மறைந்துபோனவர்கள் இருந்திருப்பார்கள். டிங்கர் கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள் நினைவும் வருகிறது.

கிடைத்த அதிர்ஷ்டத்தை அந்த இருவரும் வீணாக்கவில்லை. அதே முறையை ஓக்லஹோமாவுக்கு வெளியே உள்ள பகுதிகளுக்கும் பொருத்திப் பார்த்தார்கள். ஸ்டாரெட் என்பவரோடு சேர்ந்து எழுதிய கட்டுரை 1951 ஜனவரியில் அமெரிக்க வானிலைச் சங்கத்தின் இதழில் வந்தது. ஆறு நிபந்தனைகளும் அதில் எல்லோர் பார்வைக்கும் வைக்கப்பட்டன. ராணுவ ரகசியம் என்று பூட்டி வைக்க வாய்ப்பிருந்த ஒன்றை இதழில் வெளியிட்டது பெரிய காரியம். அதே ஆண்டு பிப்ரவரியில் டிங்கரிலேயே விமானப்படையின் கடும் வானிலை எச்சரிக்கை மையம் தொடங்கப்பட்டது; பொறுப்பு ஃபாபுஷுக்கு. நாடெங்கும் உள்ள ராணுவத் தளங்களுக்கு டொர்னேடோ, ஆலங்கட்டி, சூறைக்காற்று எச்சரிக்கைகள் அங்கிருந்து போயின.

மையம் வருவதற்கு முன்பிருந்தே எச்சரிக்கைகள் தளங்களுக்குள் தங்கவில்லை. தளத்தில் வேலை பார்ப்பவருக்கு வெளியே மனைவி மக்கள் உண்டு. செய்தி வீட்டுக்குப் போனது, அங்கிருந்து பத்திரிகைக்கும் வானொலிக்கும் போனது. ராணுவத்துக்குச் சொல்லத் தெரிந்தது எங்களுக்கு ஏன் சொல்லப்படவில்லை என்று மக்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. குடிமை வானிலைத் துறையின் தலைவர் ஃபிரான்சிஸ் ரைக்கல்டர்ஃபர் 1950 ஜூலை 12-இல் சுற்றறிக்கை ஒன்று அனுப்பினார்: டொர்னேடோவை முன்கணிக்கத் துறை விரும்பவில்லை, துறையால் முடியாது என்று பொருள்படும்படி ஊழியர்கள் பேசக் கூடாது. 1887-இல் விழுந்த பூட்டு அந்தத் தாளில்தான் திறந்தது. 1952 மார்ச் 17-இல் குடிமைத் துறை பொதுமக்களுக்கான தன் முதல் டொர்னேடோ முன்கணிப்பை வெளியிட்டது.

அதன் பிறகு நிறுவனம் வேகமாக வளர்ந்தது, இடமும் பெயரும் பலமுறை மாறின. வாஷிங்டனில் தொடங்கிய குடிமைப் பிரிவு 1954-இல் கேன்சஸ் நகருக்குப் போனது. டிங்கரின் ராணுவ மையமும் 1956-இல் அங்கேயே வந்து சேர்ந்தது. ஒரு காலத்தில் சொல்லைச் சொன்னவர்களும் சொல்லத் தயங்கியவர்களும் ஒரே ஊரில் ஒரே வானத்தைப் பார்த்தார்கள். ராணுவப் பிரிவு 1970-இல் நெப்ராஸ்காவின் ஆஃபட் தளத்துக்குப் பெயர்ந்தது. கேன்சஸ் நகரில் இருந்த குடிமை மையம் 1966-இல் தேசியக் கடும்புயல் முன்கணிப்பு மையம் ஆயிற்று. ‘கண்காணிப்பு’, ‘எச்சரிக்கை’ என்ற இரண்டு படிகள் உருவானதும் அந்தப் பத்தாண்டில்தான்: சூழல் கூடியிருக்கிறது, கவனமாயிருங்கள் என்று மைய அலுவலகம் சில மணி நேரம் முன்னதாகச் சொல்லும், சுழலே தெரிந்துவிட்டது, ஒதுங்குங்கள் என்று அந்தந்த வட்டார அலுவலகம் சொல்லும். நம் துறைமுகக் கூண்டுகளில் ஒன்றாம் எண்ணுக்கும் பத்தாம் எண்ணுக்கும் இடையே மீனவர் உணரும் வேறுபாடு இதற்குச் சற்று நெருங்கி வரும்.

மில்லர் இந்த வேலையை விடவில்லை. 1967-இல் அவர் எழுதி, 1972-இல் திருத்தி வெளியிட்ட தொழில்நுட்ப அறிக்கை எண் 200 ஒரு தலைமுறைக்கே கைந்நூலாக இருந்தது. பெயரில்தான் அறிக்கை; உள்ளே இருப்பது அனுபவம் மிக்க ஒருவர் இளையவரைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கும் பாடம். பல மட்டங்களின் முக்கியமான கோடுகளை ஒரே தாளில், வெவ்வேறு குறிகளில், ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்து காட்டுவார். ஒவ்வொரு அளவுக்கும் மெலிது, நடுத்தரம், வலுவானது என்று தரம் போட்டிருப்பார். தரைமட்டப் பனிநிலை 55 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே என்றால் மெலிது, 65-க்கு மேல் என்றால் வலுவானது என்பதுபோல. புதிதாக வந்தவர் இரவுப் பணியில் தனியாக இருந்தாலும் அந்தப் பட்டியல் அவர் கையில் இருக்கும். மூன்று வாரம்கூட ஆகாத நிலையில் இரவுப் பணியில் விடப்பட்ட ஒருவர், தனக்கு அன்று இல்லாததைப் பிறருக்காக எழுதிவைத்தார் என்றே நான் அதைப் படிக்கிறேன்.

அந்த அறிக்கையின் ஒரு துளி சென்னை வரை வந்திருக்கிறது. ‘டோட்டல் டோட்டல்ஸ்’ என்று மில்லர் ஒரு குறியீட்டெண் வகுத்தார். கணக்கு எளிது. ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில், அதாவது 850 மில்லிபார் மட்டத்தில், வெப்பநிலையையும் பனிநிலையையும் கூட்ட வேண்டும். ஏறத்தாழ ஐந்தரை கிலோமீட்டர் உயரத்தில், 500 மில்லிபார் மட்டத்தில், வெப்பநிலையை இரட்டித்து அதிலிருந்து கழிக்க வேண்டும். கீழே வெப்பம் 18, பனிநிலை 15, மேலே கழித்தல் 6 என்றால், 33-உடன் 12 சேர்ந்து 45. பொதுவாக 44-ஐத் தாண்டினால் இடிமழைக்கு இடமுண்டு. 50-ஐத் தாண்டினால் கூடுதல் கவனம் வேண்டும். வெப்பமண்டலத்தில் இந்த எல்லைகளை அப்படியே வைத்துக்கொள்ள முடியாது, ஊருக்கேற்பத் தளர்த்தியும் இறுக்கியும் பார்க்க வேண்டும். மீனம்பாக்கத்திலிருந்து காலையில் ஏறும் பலூன் அனுப்பும் அளவுகளை அட்டவணையாகப் போடும்போது, அடியில் வரும் குறியீட்டெண்களில் இதுவும் ஒன்றாக வருகிறது. சித்திரை வெயிலில் நம் உள்மாவட்டங்களில் கோடை இடிமழை வருமா என்று பார்க்கிறவர், டிங்கரில் பிறந்த ஒரு சிந்தனையின் பேரப்பிள்ளையைத்தான் கையில் வைத்திருக்கிறார்.

1995-இல் அந்தக் குடிமை மையத்தின் பெயர் புயல் முன்கணிப்பு மையம் ஆனது. 1997 தொடக்கத்தில் அது கேன்சஸ் நகரை விட்டு ஓக்லஹோமாவின் நார்மன் நகருக்கு வந்தது. டிங்கர் தளத்திலிருந்து இருபது மைலுக்குள். அரை நூற்றாண்டு சுற்றிவிட்டுப் பிறந்த வீட்டுத் தெருவுக்கே திரும்பிவிட்டது. அமெரிக்கா முழுவதுக்குமான டொர்னேடோ கண்காணிப்பு அறிவிப்புகள் அங்கிருந்துதான் போகின்றன. 1948-இல் எழுத அஞ்சிய சொல், வசந்தகாலத்தில் சில நாட்களில் அங்கே பலமுறை எழுதப்படுகிறது.

அந்த மையத்தில் கணினி மாதிரிகளுக்கும் செயற்கைக்கோள் படங்களுக்கும் குறைவில்லை. இருந்தும் அங்கே பணிபுரிகிறவர்கள் தரைமட்ட வரைபடத்தைத் தாளில் அச்செடுத்து, வண்ணப் பென்சிலால் தாங்களே கோடு வரைவதை மரபாகக் காத்து வந்திருக்கிறார்கள். ஈர நாக்கின் விளிம்புக்குப் பச்சை. பென்சில் ஒவ்வொரு ஊராக நின்று நின்று போகிறது. சுற்றிலும் ஈரமாக இருந்து ஓர் ஊர் மட்டும் காய்ந்திருந்தால், அங்கே நின்று, எண்ணை மறுபடி பார்த்துவிட்டு, அப்புறம்தான் நகர்கிறது.